கண் எழுதாத ஏழு முகங்கள்

ஜூலை 12, சனி

தூறல். மேற்கே இருந்து நிற்காத காற்று. மாடியில் காயப்போட்ட சட்டை ஒன்று பறந்து பக்கத்துக் காம்பவுண்டுக்குள் போய்விட்டது.

பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். வேறு யாரிடமும் சொல்லாவிட்டாலும் இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன். தூரிகையன் என்னுடையவன்.

‘வானச்சிட்டு’ கார்ட்டூனில் மஞ்சள் இறக்கையோடு பறக்கிற அந்தப் பெண்ணை யார் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். வில்லன் தூரிகையன் என் கை. ஒல்லி உடம்பு, கறுப்பு அங்கி, காதில் செருகிய தூரிகை, பாதி மூடிய இடது இமை. பிள்ளைகளைச் சுவரில் வரைவான். முடி, காது, வாய் எல்லாம் முடித்துக் கடைசியாகக் கண். கண்ணை எழுதிவிட்டால் பிள்ளை சுவருக்குள் போய்விடும். வெளியே ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடக்கும். அந்தச் செருப்பும் என் யோசனை.

கண் கடைசி என்பது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கிணத்துக்கடவு தாண்டி ஒரு வீட்டு வாசலில் மண் குதிரைகள் வரிசையாக நிற்பதைப் பஸ்ஸில் இருந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பல் இருந்தது, கடிவாளம் இருந்தது, கண் மட்டும் இல்லை. கோயிலுக்குப் போகும் அன்றுதான் எழுதுவார்களாம். அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை.

வில்லன் யாரையும் மிரட்டமாட்டான். மரியாதையாகத்தான் பேசுவான். “ஆடாம நில்லுங்க அம்மணி. கண்ணு மட்டுந்தான் பாக்கிங்க.” இதைச் சொல்லி விளையாடாத பிள்ளை இந்த ஊரில் இல்லை. டைட்டிலில் ‘பாத்திரப் படைப்பு’ என்று ஓடுவது ஸ்டூடியோ முதலாளி பெயர்.

ஆதாரம் ஒன்றே ஒன்று. முதல் மாடல் ஷீட். ஒரு பாத்திரத்தை முன்னால், பின்னால், பக்கவாட்டில் வரைந்து, குறிப்பு எழுதி வைக்கும் தாள். மூலையில் என் இனிஷியல். பீரோவில் பாலித்தீன் உறைக்குள் இருக்கிறது. என்றைக்காவது கோர்ட்டில் விரிப்பேன்.

சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல். சிங்காநல்லூரில் நான் குடியிருக்கும் இந்த அப்பார்ட்மெண்டின் அசோசியேஷன் ஹால், பதினோரு பிள்ளைகள். முப்பது வருடப் படிப்பும் வேலையும் கடைசியில் ஆப்பிளுக்கு நிழல் போடக் கற்றுத்தருவதில் வந்து நிற்கிறது.

வாங்க வேண்டியது: சார்ட், பென்சில், பெரிய கறுப்பு மார்க்கர், பல்லுக்குக் கிராம்புத் தைலம்.

ஜூலை 13, ஞாயிறு

வெயிலும் தூறலும் சேர்ந்து.

ஆரோக்கியசாமி பற்றி எழுதாமல் இது முழுமையாகாது. இங்கே மெயின்டனன்ஸ் ஆள். பைப், ஸ்விட்ச், பெயின்ட், எல்லாம் அவன்தான். மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு இருக்கிறான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். இப்போது என்னை ‘சார்’ என்கிறான். நானும் தடுத்ததில்லை.

நான் ஒரு வாரம் உயிரை விட்டு வரைவதை அவன் கணக்கு நோட்டின் பின்பக்கம் நாலு கோட்டில் போடுவான். மாடு என்றால் மாடு மூச்சு விடும். அப்புறம் ஒருநாள் நிறுத்திவிட்டான். ஏன்டா என்றதற்கு, “சலிச்சுப் போச்சுடா” என்றான். எனக்கு வராதது அவனுக்கு வந்தது. அவன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கப் போனான். மற்ற எல்லாரையும் ஒருவேளை மன்னித்துவிடுவேன். இதை மட்டும் முடியாது.

சின்ன வயதில் சுண்ணாம்பு தெறித்து அவனுக்கு இடது இமை பாதி விழுந்துவிட்டது. அந்த இமையைத்தான் தூரிகையனுக்கு வைத்தேன். அவனுக்குத் தெரியாது.

இன்று சாயங்காலம். அவன் ஏணியில் நின்று மோட்டார் ரூமின் உள்சுவருக்குப் பெயின்ட் அடித்து முடிக்கிறான். கதவு திறந்திருக்கிறது. வெளியே ஆறேழு பிள்ளைகள் வரிசையாக நின்று அவனைப் பார்த்து வேக வேகமாகக் கண் சிமிட்டுகின்றன. சத்தமே இல்லை. சிமிட்டிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்குத் தூரிகையனால் கண் எழுத முடியாது. அந்த விதியும் நான் வைத்ததுதான்.

“என்னுங்க அம்மணி, கண்ணுல தூசி விழுந்திருச்சுங்களா?” என்றான் யாழினியிடம். ஆறு வயதுப் பெண், என் வகுப்பில் மிகச் சின்னவள்.

“நிறுத்தாதீங்கடா! சிமிட்டிட்டே ஓடுங்க!” என்று கத்தினான் ஒரு பையன்.

ஓடிவிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே பிரஷைக் கழுவப் போனான். ஜன்னலில் நின்று பார்த்த எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எழுத வெட்கமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மழை. மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்தது.

மோட்டாரைப் பார்க்கலாம் என்று போனேன். ஆ.சாமி டீக்குப் போயிருந்தான். கதவு பூட்டவில்லை. புதிதாக அடித்த சுவர், அப்படியொரு வெள்ளை. பையில் புது மார்க்கர். படம் போடத் தெரிந்தவன் எவனும் அந்தச் சுவரைச் சும்மா விட்டுவிட்டு வரமாட்டான்.

என் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர். முகம் மட்டும். யாழினி நன்றாக வந்தாள். அரை மணி நேரம் இருக்கும். ரொம்ப நாளைக்குப் பிறகு கை தானாக ஓடியது.

கண் போடவில்லை. அது என் பழக்கம். கார்ட்டூனில் கண் தனித் தாள், இமைக்க வேண்டுமே. முகத்தைக் கண் இல்லாமல் வரைந்து வைத்துக்கொண்டு மேலே கண்ணை மாற்றி மாற்றி வைப்போம். இருபது வருடம் அப்படி வரைந்தவனுக்கு, கண் இல்லாத முகம் முடியாத முகமாகத் தெரியாது.

கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

பால் வாங்கப் போனவன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மோட்டார் ரூம் வாசலில் பத்துப் பதினைந்து பேர், கையில் டார்ச்.

“எம்பொண்ணுதாங்க இது. அந்த ஒத்தச் சடையப் பாருங்க.”

“கண்ணப் பாருங்க, ஒண்ணுக்கும் கண்ணே இல்ல!”

“அந்தக் கார்ட்டூன்ல வாரானில்ல, அவனாட்டவே இவனும்...”

செக்ரட்டரி கந்தசாமி பம்ப்செட் கம்பெனியில் இருந்து ரிட்டயர் ஆனவர். எதற்கும் நிபுணர் அபிப்பிராயம் கேட்பார். என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

“சார், நீங்க படிச்சவீங்க. பாத்துச் சொல்லுங்க, இது புள்ளைங்க கிறுக்கினதுங்களா?”

“இல்லை. பழகின கை” என்றேன்.

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லார் தலையும் ஆரோக்கியசாமி பக்கம் திரும்பியது. அவனிடம்தான் சாவி, அவன் அடித்த சுவர், அவனுக்குத்தான் அந்த இமை.

அவன் சுவரைப் பார்த்தான். முகங்களை அல்ல, காதுகளை. நான் எப்போதும் காதைக் கொஞ்சம் மேலே வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்பில் அதைச் சொல்லி மானத்தை வாங்கியவனே அவன்தான். ஒவ்வொரு காதாக ஏழு முகத்தையும் பார்த்து முடித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“நா வரையலீங்க” என்றான் செக்ரட்டரியிடம். அவ்வளவுதான். என் பெயரை அவன் சொல்லவில்லை.

தீர்ப்பு: மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் இந்தச் சுவரை அவனே வெள்ளை அடிக்க வேண்டும். அவன் மனைவி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பால் திரிந்துவிட்டது. காப்பி இல்லை.

ஜூலை 18, வெள்ளி

காற்று. ஆடி பிறந்துவிட்டது, அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலேயே.

புதன் மத்தியானமே வெள்ளை அடித்தான். வியாழன் காலை முகங்கள் திரும்பி வந்துவிட்டன. மங்கலாக, பனிக்குள் இருந்து பார்ப்பதுபோல். வியாழன் மறுபடி அடித்தான். இன்று மறுபடி. காலையில் பிள்ளைகள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடின.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மார்க்கர் மை சாதாரணப் பெயின்டை ஊடுருவி மேலே வரும். முதலில் ஆயில் பிரைமர் அடிக்க வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றாவது நாள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

மாலை யாழினி அம்மா வந்தாள். குழந்தைக்குச் சிமிட்டல் நிற்கவில்லையாம்.

“சாப்படறப்பவும் சிமிட்டறா. தூங்கறப்பக்கூட இமை துடிக்குதுங்க சார். நிறுத்துனா அவன் வந்து மிச்சத்த வரைஞ்சிருவான்கறா. கண் டாக்டர் கண்ணுல ஒண்ணுமில்லீங்கறாரு. பயந்திருக்குது, பயம் தெளிஞ்சாச் சரியாயிருமுங்கறாரு. எப்படித் தெளியறதுங்க?”

நாளை வகுப்புக்கு அனுப்புங்கள், பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 19, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வகுப்பு. யாழினி முன்வரிசை. இமைகள் சிவந்து வீங்கியிருந்தன. பயம் போகட்டும் என்று ஒரு சிரித்த முகம் வரையலாம் என்று நினைத்தேன். பக்கத்துப் பையனை முன்னால் நிறுத்திப் போர்டில் அவனைப் போட்டேன். அவன் நெளிந்தான்.

“ஆடாம இருங்க. கண்ணு மட்டும்தான் பாக்கி” என்றேன்.

பின்னால் சட்டென்று நிசப்தம். பென்சில் சத்தம்கூட இல்லை. திரும்பினேன்.

பதினோரு பேரும் என்னைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வசனத்தை நான் வில்லனுக்கு எழுதியதாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை. அது நான் பேசுவது. மாடலை நிறுத்தி வரைந்த கல்லூரி நாளில் இருந்து, எந்தப் பிள்ளையை எதிரே உட்கார வைத்தாலும் நான் சொல்வது.

யாழினி மட்டும் எழுந்து கதவு வரை பின்னாலேயே நடந்துபோனாள். முதுகைக் காட்டவில்லை.

பெற்றோர் கூட்டிப்போக வந்தபோது பிள்ளைகள் சொல்லிவிட்டன. “சார்தான் நெசத் தூரிகையன்!” எல்லாரும் சிரித்தார்கள். “ஏங்கண்ணு, சாரையுமா? தப்புங்க, அப்படிச் சொல்லக் கூடாது.” நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மாடல் ஷீட்டை வெளியே எடுத்தேன். என் கையெழுத்தில் குறிப்பு: ‘இடது இமை ஆ.சாமி மாதிரி. வாய், தாடை, புருவம் கண்ணாடி பார்த்து.’ கார்ட்டூன் வரைபவர்கள் எல்லாருக்கும் மேஜையில் ஒரு கண்ணாடி இருக்கும். கோபமோ சிரிப்போ, அதில் தன் முகத்தைக் கோணிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் போடுவோம். ஆ.சாமி முகம் என்று நினைத்துக்கொண்டு நாலு வருடம் கண்ணாடியைப் பார்த்து வரைந்திருக்கிறேன்.

அந்தக் கண்ணாடி இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

தூறல் இல்லை. மூட்டம்.

செக்ரட்டரி வீட்டுக்குப் போய் நேராகச் சொன்னேன். சுவரில் வரைந்தது நான்தான் என்று.

கந்தசாமி என் தோளைத் தட்டினார். “பள்ளிக்கூடத்துச் சினேகிதமுங்களாமா? அவஞ் சம்சாரம் வந்து அழுதிருப்பா. உங்க மனசு பெரிய மனசுங்க சார். ஆனா அவனுக்காவ நீங்க பழி ஏத்துக்கறது நல்லா இல்லீங்க. காப்பி சாப்படறீங்களா?”

சாப்பிட்டேன். நல்ல காப்பி.

திரும்பும்போது ஆ.சாமி சர்ச்சில் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தான், வெள்ளைச் சட்டையில். மோட்டார் ரூம் அருகே நின்றோம். நாற்பது வருடத்தில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு.

“ஏன் என் பெயரைச் சொல்லலை?” என்றேன்.

“சொன்னா நம்பீருவாங்களா?” சிரித்தான். “காது இன்னும் மேலதான் வெக்கறீங்க சார்.”

“ஆயில் பிரைமர் அடிச்சிருந்தா மறைஞ்சிருக்கும். உனக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க. வேணும்னேதான் அடிக்கல. மறைச்சுப்போட்டா அந்தப் புள்ளைக்கு உள்ள இருக்கறது போயிருமுங்களா? பாதீல நிக்கறதுதான் பயம். கண்ண எழுதி முடிச்சுப்போடுங்க, அந்தப் புள்ள பாக்கவே. முடிச்சதுக்கப்புறமும் புள்ள வெளியவே நிக்கட்டும். அப்பத்தான் தெளியும்.”

“நீயே எழுதிவிடேன். உன் கை என்னைவிட...”

“ஏனுங்க, நாலு நாளா என்னைய எல்லாரும் பாக்கறாங்க. நா கண்ணு எழுதுனா அந்தப் புள்ள பயத்துலயே செத்துப்போயிரும்” என்றான். கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போனான்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் யாழினியை அவள் அம்மா கூட்டிவந்தாள். நான்தான் கேட்டிருந்தேன். மழை பிடித்திருந்தது. அம்மா வெளியே குடையோடு. குழந்தை வாசற்படியில், நீலச் செருப்போடு, சிமிட்டிக்கொண்டு.

“வரைஞ்சுட்டா நான் உள்ள போயிருவனா?”

“இல்லை.”

“அவனும் இல்லைன்னுதான் சொல்லுவான்.”

அப்படி எழுதியதும் நான்தான்.

பெயின்டுக்கு அடியில் இருந்து எட்டிப் பார்த்த அவள் முகத்தைத் தேடி, இடது கண்ணைப் போட்டேன். பிறகு வலது. பாவையில் கடைசி வெள்ளைப் புள்ளியை விட்டு முடித்தபோது, சுவரில் இருந்து அவள் என்னைப் பார்த்தாள். முடிந்த முகம்.

பின்னால் சத்தமே இல்லை. மழை மட்டும். படித்தவன், ஐம்பத்தொரு வயது. ஆனால் திரும்பத் தைரியம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திரும்பினேன். படியில் நீலச் செருப்பு இரண்டும் கிடந்தன. அவள் இல்லை.

சுவரில் சாய்ந்துவிட்டேன். கூப்பிட நினைத்தேன்.

“சார்! நான் இங்க இருக்கேன்!” வெளியே மழையில், வெறுங்காலோடு, ஆ.சாமி வீட்டுக் கூரையில் இருந்து வழியும் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு. “நான் உள்ள போவவே இல்ல! அம்மா, பாரு, போவவே இல்ல!”

சிமிட்டவில்லை. நான் பார்த்தேன். ஒரு நிமிடம் முழுக்கச் சிமிட்டவில்லை.

மற்ற ஆறு முகங்களுக்கும் அப்போதே கண் எழுதினேன். முடித்துத் தள்ளி நின்று எண்ணினேன். எட்டு.

கடைசியில், கதவுக்குப் பின்னால், இருட்டு மூலையில் எட்டாவது. மார்க்கர் இல்லை, பெயின்ட் பிரஷின் நுனி. நாலு கோடு. தாடை, புருவம், கொஞ்சம் கோணிய வாய். காதுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அது மூச்சு விட்டது. நான்தான். கண் வைக்காமல் விட்டிருந்தான்.

மார்க்கரைத் திறந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூடிவிட்டேன்.

வெளியே யாழினி அம்மா போனில்: “சார் கை வெச்சதுமே சரியாப்போச்சுங்க. ஆமாங்க, அந்த ஆளு பண்ணுனத சார்தான் சரி பண்ணுனாரு.”

ஜூலை 22, செவ்வாய்

வெயில்.

யாழினி நன்றாகத் தூங்கினாளாம். ஆ.சாமி மனைவி பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நேரில் சொன்னால் பெரிய மனசு. பெயர் போட்டு எழுதினாலும் அதேதான். கையெழுத்துப் போட்ட கடிதத்தை நம் ஊரில் யாரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை. மொட்டைக் கடிதம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் சேர்ந்து படிப்பார்கள். எனக்குத் தெரியும். ஸ்டூடியோ முதலாளி மேல் மூன்று எழுதியிருக்கிறேன், கல்லூரி முதல்வர் மேல் ஒன்று, என் தங்கை மாப்பிள்ளை மேல் ஒன்று. ஒன்றுகூட வீண் போகவில்லை.

இன்றைக்கு, கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுதியது:

‘அசோசியேஷன் செக்ரட்டரி அவர்களுக்கு. மோட்டார் ரூம் சுவரில் பிள்ளைகளை வரைந்தது ஆரோக்கியசாமி அல்ல. பி பிளாக் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஓவிய ஆசிரியர். பார்க்க யோக்கியன். காதுகளை ஹால் போர்டில் அவன் வரைந்த காதுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். ஆரோக்கியசாமியின் இமையைத் திருடித் தூரிகையனுக்கு வைத்ததும் இவனே. இத்துடன் இணைத்துள்ள தாளில் இவன் கையெழுத்திலேயே இருக்கிறது. நேரில் வந்து உளறினால் பெரிய மனசு என்று ஏமாற வேண்டாம். பிள்ளைகள் சொன்னது சரி. இப்படிக்கு, உங்கள் நலம் விரும்பி.’

இதுவரை எழுதியதில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

மாடல் ஷீட்டை மடிக்கும் முன் ஒரு தடவை பார்த்தேன். மூலையில் இனிஷியல். அதோடு அனுப்பினால் என்னைக் காட்டிக்கொடுத்தவனும் நானே என்று ஆகிவிடும், மறுபடி பெரிய மனசு என்று காப்பி கொடுப்பார்கள். கத்தரிக்கோலால் மூலையை வெட்டினேன். இனி எந்தக் கோர்ட்டிலும் அவன் என்னுடையவன் என்று சொல்ல முடியாது.

வெட்டிய துண்டு நகம் அளவுதான். இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பெயர் போடவில்லை. ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட வேண்டும், பதினோரு மணிக்கு எடுப்பதற்குள்.